பச்சை வெல்வெட்டும் பாவாடை நாடாவும்

அன்று அந்தக் குசினியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

இலோனா. உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பு. ஹங்கேரிக்காரி. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும்.

மிஸ் டொரத்தி. பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிறவர். பியானோ வாசிப்பதும் அவர்தான்.

மெக். பாட வந்த பிள்ளை. வயது இருபத்து நாலு.

மெக்கின் தாய். பண்ணையில் ஸ்கோன் என்கிற சின்னப் பணிஸ் சுட்டு, தட்டில் அடுக்கி, மேலே ஒரு வெள்ளைக் குசினித் துவாய் போட்டு மூடிக்கொண்டு வந்திருந்தார்.

நான். தைக்கிறவள்.

அவ்வளவுதான். ஐந்து பேர்.

அவுஸ்திரேலியாவில் டபோ என்றொரு ஊர். அங்கே ஒரு மண்டபம். மேடைக்குப் பின்னால் இருந்த குசினிதான் பெண்பிள்ளைகள் உடுப்பு மாற்றும் இடம். தேத்தண்ணிக்குப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. வெளியே நல்ல குளிர்.

நேரம் பகல் ஒன்றரை. இரண்டு மணிக்குத் திரை தூக்குவார்கள்.

நான் மெக்கின் முதுகில் கடைசிக் கொளுக்கியைப் பூட்டினேன். பச்சை வெல்வெட் உடுப்பு. பதினாலு கொளுக்கி. எல்லாம் என் கையால் தைத்தவை.

"ஒருக்காப் பாடிப் பார் பிள்ளை," என்றார் மிஸ் டொரத்தி.

மெக் கீழிருந்து மேலே ஏறிப் பாடினாள். ஐந்தாவது படியில் குரல் நின்றது. உடையவில்லை, கரகரக்கவில்லை. பைப்பைப் பூட்டினதுபோல நின்றது.

"திருப்பிப் பாடு."

பாடினாள். அதே இடத்தில் நின்றது.

"என்ன உனக்கு?"

"ஒண்டுமில்லை மிஸ்."

"ஒண்டுமில்லாமல் ஏன் நிக்குது?"

மெக் என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

இலோனா வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உடுப்பின் பக்கவாட்டில் ஒரு விரலை விடப் பார்த்தாள். விரல் போகவில்லை.

"இதை ஆர் அளந்தது?"

"நான்தான்," என்றேன்.

மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் சிட்னியில் இருந்து வந்த ஒரு மனிதர் இருந்தார். மெக்கைக் கேட்பதற்காகவே கிட்டத்தட்ட இருநூற்றைம்பது மைல் கார் ஓட்டி வந்தவர்.

அது என்ன கடை?

அவர்கள் பேசினது எல்லாம் இங்கிலிஸ். எனக்கு விளங்கினபடி எங்கள் பேச்சில் எழுதுகிறேன். இலோனாவுக்கும் என்னைப்போல அரை இங்கிலிஸ்தான். அதனால் நாங்கள் இருவரும் நன்றாகப் பேசிக்கொள்வோம்.

நாங்கள் சிட்னியில் ஹோம்புஷ் பிளாட்டுக்குக் குடிவந்த கதையைப் போன கிழமை இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். எழுபதுகளில் நடந்தது. இவர் ரெயில் பெட்டி திருத்துகிற இடத்தில் வேலைக்குப் போனார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். தெரிந்தது தையல் ஒன்றுதான். பன்னிரண்டு வயதில் இருந்து சாறிச் சட்டை தைக்கிறேன்.

சாறிச் சட்டைக்கு ஒரு முறை உண்டு. அளக்கும்போது மூச்சை விடச் சொல்வோம். விட்ட மூச்சில்தான் அளவு. அதிலும் அரை அங்குலம் குறைத்து வெட்டுவோம். சட்டையில் சுருக்கம் விழக்கூடாது. சுருக்கம் விழுந்தால் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். மூச்சு முட்டுகிறது என்று ஒருத்தியும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவில் தட்டினார்கள். கீழ் பிளாட்டுக்காரி. இலோனா.

"உம்மடை மெஷின் என்ரை தலைக்கு மேலை ஓடுது."

"மன்னிக்கோணும்."

"மன்னிப்பு இருக்கட்டும். என்னத்தைத் தைக்கிறீர்?"

காட்டினேன். சட்டையை வாங்கி உட்புறத்தை வெளியே புரட்டினாள். தையலை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

"திங்கக்கிழமை என்னோடை வாரும்."

"எங்கை?"

"ஒபராவுக்கு."

இவரிடம் சொன்னேன். "அது என்ன கடை?" என்று கேட்டார்.

கூத்துத்தான், ஆனால் மைக் இல்லை

ஒபரா என்றால் என்ன என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அதுவும் ஒரு கூத்துத்தான். காதல் உண்டு, சண்டை உண்டு, சாவு உண்டு. பேச வேண்டியதைப் பாடுவார்கள். சாகும்போதும் பாடுவார்கள். கன நேரம் பாடிவிட்டுத்தான் சாவார்கள்.

ஆனால் மைக் இல்லை. கடைசி வரிசையில் இருக்கிற காது மந்தமான கிழவனுக்கும் கேட்க வேண்டும். வெறும் ஆள் மூச்சால்.

சிட்னியில் துறைமுகத்து ஓரம் வெள்ளைக் கூரை போட்ட புதுக் கட்டிடம் திறந்து சில வருசம்தான் இருக்கும். பெரிய ஆட்கள் அங்கே பாடினார்கள். எங்களுடையது சின்னக் கம்பனி. ஒரு பஸ், ஒரு லொறி, ஒரு பியானோ. சிட்னியில் ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் பழகுவார்கள். குளிர்காலம் வந்தால் பாத்தர்ஸ்ட், ஓரஞ்ச், டபோ என்று ஊர் ஊராகப் போவோம்.

கம்பனியில் பாடினதெல்லாம் இளம் பிள்ளைகள். பகலில் வேறு வேலை. ஒருத்தி வங்கியில். ஒருவன் இறைச்சிக்கடையில். மெக் சப்பாத்துக் கடையில். வேலை முடிந்து நேரே வருவார்கள். சாப்பாடு கையில் இருக்கும். மிஸ் டொரத்தி கண்டால் ஒளிப்பார்கள்.

வயிற்றில் டெலிபோன் புத்தகம்

முதல் நாள் நான் உள்ளே போனபோது ஆறு பிள்ளைகள் வெறும் நிலத்தில் மல்லாக்கப் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு வயிற்றிலும் ஒரு டெலிபோன் புத்தகம். சிட்னி டெலிபோன் புத்தகம் எவ்வளவு தடிப்பு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"இதுகளுக்கு என்ன வருத்தம்?" என்று இலோனாவைக் கேட்டேன்.

"வருத்தமில்லை. பாட்டுப் படிக்குதுகள்."

புத்தகம் மெல்ல மேலே எழும்பும். மெல்லக் கீழே இறங்கும். மிஸ் டொரத்தி கைத்தடியோடு இடையில் நடப்பார். "தோள் ஆடுது. தோளாலையே பாடப் போறாய்?" என்று ஒருவனுக்குச் சொல்வார். "நித்திரை கொள்ளாதை, அது வீட்டிலை," என்று இன்னொருவனுக்கு.

இதே பயிற்சியை மூன்று மாதம் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க விடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் தையல் கடையிலும் முதல் மூன்று மாதம் கத்தரிக்கோலைத் தொட விடவில்லை. பட்டன் மட்டும்தான்.

மெக் பருத்த பிள்ளை. கோதுமையும் ஆடும் உள்ள பண்ணையில் வளர்ந்தவள். தோள் அகலம். அதைப் பற்றி அவளுக்கு வெட்கம். கதிரையில் இருக்கும்போது பையை மடியில் வைத்து வயிற்றை மறைப்பாள். ஆனால் டெலிபோன் புத்தகத்தை அவளைப்போல மேலே தூக்க அங்கே யாரும் இல்லை.

பெரிய கம்பனி இளம் பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்துப் பழக்க எடுக்கும். ஒரு வருசத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். எங்களைப்போன்ற சின்னக் கம்பனிகளுக்கு அங்கேயிருந்து ஒரு மனிதர் வந்து இருந்து கேட்பார். ஒருமுறைதான் கேட்பார். இருபத்தைந்து பிறந்துவிட்டால் எடுக்கமாட்டார்கள். மெக்குக்கு இதுதான் கடைசி வருசம். இந்த முறை தப்பினால் சப்பாத்துக் கடைதான்.

இந்தச் சந்தர்ப்பமும் அவளுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. தலைமைப் பாட்டுக்கு இருந்த பிள்ளைக்குத் தொண்டை வீங்கிவிட்டது. டொக்டர் வாயைத் திறக்கக்கூடாது என்றுவிட்டார். பஸ் புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது மெக்கைப் போட்டார்கள். மற்றப் பிள்ளை ஒல்லி. அந்த உடுப்பு மெக்கின் ஒரு கைக்குக் காணாது. புதிது தைக்க வேண்டும்.

இரண்டாவது இலக்கம்

அந்தக் கிழமை பார்த்து இலோனா ஆஸ்பத்திரியில். பித்தப்பையில் கல். என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அளவுக் கொப்பி மேசையில் கிடக்கு. அதிலை இருக்கிற மாதிரிச் செய்யும். நான் பஸ்ஸுக்கு வந்திடுவன்."

கொப்பியைத் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே நெஞ்சளவுக்கு இரண்டு இலக்கம். இரண்டாவது பெரிது. குளிருக்கு உள்ளே போடுகிற கம்பளிச் சட்டைக்கு என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. வெல்வெட்டே சூடுதானே, கம்பளி எதற்கு என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

மெக் வந்து நின்றாள். "மூச்சை விடும் பிள்ளை," என்றேன். விட்டாள். அளந்தேன். அரை அங்குலம் குறைத்து வெட்டினேன்.

போட்டுப் பார்த்த அன்று ஒரு சுருக்கம் இல்லை. உரித்து வைத்ததுபோல இருந்தது. மெக் கண்ணாடிக்கு முன் நின்றாள். பக்கவாட்டில் திரும்பினாள். மற்றப் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் இடுப்பு இருக்கு மிசிஸ் பி," என்றாள்.

அங்கே எல்லாருக்கும் நான் மிசிஸ் பி. பரமேஸ்வரி அவர்கள் வாயில் ஏறவில்லை.

"மூச்சு எடுக்க முடியுதோ?" என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கண்ணாடியை விட்டு வர மனம் இல்லை. எனக்கும் என் வேலையைப் பார்க்கச் சந்தோசம். இரண்டு பேரும் சேர்ந்து செய்த பிழை என்று இப்போது சொல்லலாம். அன்று அப்படி நினைக்கவில்லை. பிழை என்னுடையது.

உடுப்போடு ஒருமுறை பாடிப் பார்ப்பது வழக்கம். அந்த முறை முதல் ஊரே டபோ; போகிற வழியில் பஸ் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது அதற்கு நேரம் இல்லை.

அரை மணித்தியாலம்

"பிரிச்சு விடலாமோ?" என்றார் மிஸ் டொரத்தி.

இலோனா உட்புறம் பார்த்தாள். நான் சொன்னேன், "உள்ளுக்கு மிச்சத் துணி விடேல்லை. விட்டால் மேடை வெளிச்சத்திலை தடிப்பாத் தெரியும் எண்டு நீர்தானே முதல் சொன்னனீர்."

"நான் சொல்லுறதிலை இது ஒண்டைத்தான் கேட்டனீரோ?"

மெக்கின் தாய் முன்னுக்கு வந்தார். தட்டைக் கையில் வைத்தபடி நின்றார்.

"பழைய பாவாடையோடை பாடட்டுமே. தேப்பன் முன்னுக்கு இருக்கிறார். அவருக்கு உடுப்புத் தெரியாது."

"கலியாணக் காட்சி அம்மா," என்றார் மிஸ் டொரத்தி. "அதுவும் ஊரிலை பெரிய ஆலைக்காரன்ரை மகளா வாறாள். கடைக்குப் போற பாவாடையோடை எப்பிடி?"

மெக் அழவில்லை. கையிரண்டையும் விலாவில் வைத்துக்கொண்டு சின்னச் சின்னதாக மூச்சு எடுத்துப் பார்த்தாள். "மேல் சுரத்தை மெல்லப் பாடுறன்," என்றாள்.

"மெல்லப் பாடுறதைக் கேக்கவோ அந்தாள் அங்கையிருந்து வந்தது?" என்றார் மிஸ் டொரத்தி. சத்தம் போடவில்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

நான் மெக்கைத் திருப்பினேன். மேல் கொளுக்கிகளைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு என்று பத்துக் கழற்றினேன். கீழ் நாலும் பூட்டினபடி. முதுகு விரிந்தது. மெக் ஒரு பெரிய மூச்சு எடுத்தாள். ஓடி வந்து நின்றவள் எடுப்பதுபோல.

ஒரு பக்கம் கொளுக்கி. மறுபக்கம் கண். இடையில் கயிறு கோத்தால் போதும். இழுத்தால் இறுகும், விட்டால் விரியும்.

"கயிறு இருக்கோ?"

ஒருவரிடமும் இல்லை. திரைக் கயிறு பெருவிரல் தடிப்பு. நூல் தாங்காது.

அந்த நாட்களில் எங்கே போனாலும் நான் சாறிதான். சுவர்ப் பக்கம் திரும்பினேன். உள்பாவாடை முடிச்சை அவிழ்த்து நாடாவை உருவினேன். இரண்டு கஜம் வெள்ளைப் பருத்தி நாடா. ஊரில் இருந்து கொண்டுவந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீட்டினேன்.

இலோனா நாடாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பித்தப்பை வெட்டின வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிப்புக் காட்டாதையும், தையல் பிரியப்போகுது," என்றாள்.

நாடா கழன்று வராமல் குறட்டால் கொளுக்கிகளை ஒவ்வொன்றாக நெரித்து மூடினாள். நான் கோக்க வேண்டும். கோக்க இரண்டு கை வேண்டும்.

மெக்கின் தாய் தட்டை வைத்தார். தன் இடுப்பில் இருந்த தோல் பெல்ட்டைக் கழற்றினார். ஒன்றும் கேட்காமல் என் சாறிக்கு மேலே சுற்றி இறுக்கிப் பூட்டினார். ஆட்டுக்கு மருந்து பருக்கும் கை. நல்ல இறுக்கம்.

தளர்வாகக் கோத்தேன். இடையில் முதுகு தெரிந்தது. ஸ்கோன் மூடின வெள்ளைத் துவாயை எடுத்து மடித்து உள்ளே வைத்தேன். வெண்ணெய் வாசம் அடித்தது.

"கலியாணப் பொம்பிளை ஸ்கோன் மணக்குது," என்றார் தாய்.

"பாடு," என்றார் மிஸ் டொரத்தி.

மெக் பாடினாள். ஐந்தாவது படி. ஆறு. ஏழு. எட்டு. கொதிக்கிற பாத்திரத்தின் மூடி அதிர்ந்தது. மிஸ் டொரத்தி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"முதுகைச் சனத்துக்குக் காட்டாதை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பியானோவுக்குப் போனார்.

பின்பக்கம்

மேடையை நான் எப்போதும் பின்பக்கத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். சனம் பார்ப்பது முகத்தை. நான் பார்ப்பது தையலை.

அன்று மெக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சு எடுக்கும்போது நாடா விரிந்தது. பாடப் பாட மெல்லச் சுருங்கியது. மறுபடி விரிந்தது. தண்ணீருக்குள் மீனின் செவுள் திறந்து மூடுவதுபோல. இவ்வளவு விரியும் என்று நான் நினைக்கவே இல்லை. பன்னிரண்டு வயதில் இருந்து பெண்களின் முதுகை அளந்தவள். ஒரு முதுகுக்கும் என் சட்டைக்குள் இப்படி அசைய இடம் இருக்கவில்லை.

கலியாணக் காட்சியில் மேடையின் பின்பக்கத்தில் இருந்த தேவாலயக் கதவுக்கு நடந்து போக வேண்டும். மெக் முதுகைக் காட்டாமல் பின்னுக்குப் பின்னுக்கே நடந்து போனாள். மாப்பிள்ளையாக வந்த இறைச்சிக்கடைப் பெடியன் ஒன்றும் விளங்காமல் அவளுக்குப் பின்னால் ஓடினான். பொம்பிளைக்கு வெட்கம் என்று சனம் நினைத்தது. கைதட்டினார்கள்.

பிறகு அந்த நீண்ட மேல் சுரம் வந்தது. நாடா முழுக்க விரிந்து நின்றது. பத்துக் கண்ணும் தாங்கின. சுரம் போய்க்கொண்டே இருந்தது. நான் மூச்சு எடுக்க மறந்து நின்றேன். எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. அவளுக்கு இன்னும் இருந்தது.

பெல்ட்

முடிந்த பிறகு எல்லாருக்கும் குசினியில் தேத்தண்ணி. சிட்னி மனிதரும் வந்தார். உயரமானவர், மெல்லிய குரல். ஸ்கோன் இரண்டு எடுத்தார். மெக்கிடம் வயது கேட்டார், எங்கே வேலை என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். சாறியைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த ஆட்டுக்காரர் பெல்ட்டைப் பார்த்தார்.

"உங்கடை நாட்டிலை இப்பிடித்தான் கட்டுறதோ?"

"ஓம்," என்றேன்.

இலோனா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பஸ் டபோவைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"என்னை நிப்பாட்டப் போறீரோ?"

"நிப்பாட்டினால் ஆர் கொளுக்கி தைக்கிறது? பத்தும் தாங்கினது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கொப்பியிலை இரண்டாவது இலக்கம் ஏன் எழுதேல்லை?"

"கம்பளிச் சட்டைக்கு எண்டு நினைச்சன்."

"இனி விளங்காட்டிக் கேளும்."

"ஓம்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பெல்ட்டைப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே கிடக்கு, இனி இதையே கட்டுமன்," என்றார். பெல்ட்டைத் தபாலில் அனுப்பினேன். நாடாவை நான் திருப்பிக் கேட்கவில்லை. மெக்கும் தரவில்லை.

கடிதம்

வெயில் காலம் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை பகல் மெக் ஹோம்புஷ் ஸ்டேசனில் இறங்கி எங்கள் பிளாட்டுக்கு நடந்து வந்தாள். முதல் தரம் வருகிறாள். வடை சுட்டுக்கொண்டிருந்தேன். நாலு சாப்பிட்டாள். பையை மடியில் வைக்கவில்லை, பக்கத்தில் வைத்தாள்.

கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இவர் வாசித்தார். பெரிய கம்பனியில் எடுத்திருக்கிறார்கள். தை மாதத்தில் தொடக்கம்.

"நல்லம்," என்றேன்.

"நல்லமோ? அவ்வளவுதானோ மிசிஸ் பி?"

"இன்னும் இரண்டு வடை சாப்பிடும்."

கடிதத்தோடு ஒரு படிவம். அவர்களுடைய உடுப்புப் பகுதிக்கு அளவு வேண்டுமாம். உயரம், இடுப்பு, கை, சப்பாத்து. நெஞ்சளவுக்கு ஒரு கட்டம்தான் போட்டிருந்தது.

"நீங்கள்தான் எழுதித் தரோணும்," என்றாள்.

அவளை யன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். அளவுப் பட்டியைச் சுற்றினேன். மூச்சை விடச் சொன்னேன். பார்த்தேன். பட்டியை விரலுக்குள் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த நீண்ட மேல் சுரத்துக்கு எடுக்கிறமாதிரி மூச்சை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். பட்டி என் விரலுக்குள்ளால் ஓடியது. நிற்கும் வரைக்கும் விட்டேன்.

இலோனாவின் கொப்பியில் இருந்ததுபோல, அந்த ஒரு கட்டத்தின் நடுவில் கோடு ஒன்று போட்டேன். இரண்டு பக்கமும் எழுதினேன்.

விட்ட மூச்சு, நாற்பது. எடுத்த மூச்சு, நாற்பத்து மூன்றே முக்கால்.

மூன்றே முக்கால் அங்குலம்.